முதல் தடவை பிடிபட்டவனுக்குத் தீர்ப்பா, சிகிச்சையா?

2024 ஜனவரி 14: ஒரு வாசகரின் கேள்வி

போதைப்பொருளோடு முதல் தடவை பிடிபடுகிறவனுக்குக் குற்றத்தீர்ப்பு எழுதாமல், நன்னடத்தையில் விட்டு, சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும் என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படியென்றால் எல்லாருக்கும் ஒரு தடவை இலவசமா? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஐஸ் என்னும் மெத்தாம்பெட்டமின் தெருவுக்குத் தெரு ஓடுகிற காலத்தில் இதனால் யாருக்கு லாபம்? நீதிமன்றப் பக்கம் பழக்கம் உள்ள யாராவது பதில் சொல்லுங்கள்.

2024 ஜனவரி 14, இரவு

பழக்கம் உண்டு, கறுப்புக் கோட்தான் இல்லை. மட்டக்களப்புக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் ஒரு நீதவான் நீதிமன்றத்துக்கு எதிரே கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை, கடையைக் காப்பாற்ற வேண்டும். போட்டோ கொப்பி, டைப்பிங், பொலிஸ் நற்சான்றிதழுக்கு ஒன்லைன் விண்ணப்பம், எல்லாம் செய்வோம். பன்னிரண்டு வருடமாக அந்த வாசலில் அழுகிற தாய்மாருக்குத் தண்ணீர்ப் போத்தல் விற்கிறவனும் நான்தான்.

டிசம்பர் 17இல் பொலிஸின் போதை வேட்டையான யுக்திய தொடங்கியதிலிருந்து காலை எட்டு மணிக்கே கடை முன்னால் வரிசை. அடையாள அட்டைக் கொப்பி, கிராம சேவகர் கடிதம், பிணைக்காரர் கடிதம். பாதிப் பேருக்கு மகனை என்ன பிரிவில் போட்டிருக்கிறார்கள் என்றே தெரியாது.

கேட்டவருக்கு என் பதில்: நானும் உங்கள் கட்சிதான். இரக்கப்பட்டு விட்டால் ஏறி மிதிப்பான். ஒரு சரை கஞ்சாவோடு பிடிபட்டவனுக்கு நான் சொல்லும் புத்தி எப்போதும் ஒன்றுதான்: ஒப்புக்கொள், தண்டப்பணத்தைக் கட்டு, வீட்டுக்குப் போ. ஒரே காலையில் முடிகிற வேலை. தவணை தவணையாக அலைந்தால் பஸ் காசும் சட்டத்தரணி காசும் தண்டத்தை விட மேலே போகும். இதில் சிகிச்சை எங்கே, நன்னடத்தை எங்கே?

2024 ஜனவரி 15, பொங்கல்

நேற்று எழுதியதை வாசித்துவிட்டு அக்கா வீட்டுக்குப் பொங்கலுக்குப் போனேன். மருமகன் முற்றத்தில் பானைக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தான். எனக்குப் புக்கை தொண்டையில் இறங்கவில்லை. அந்தப் புத்தியை நான் முதலில் சொன்னது அவனுக்குத்தான்.

2020 பெப்ரவரி. அவனுக்கு இருபது வயது. கடற்கரையில் நாலு பேர் இருந்தார்கள், பொலிஸ் வந்தது, மூன்று பேர் ஓடினார்கள், இவன் ஓடவில்லை. சட்டைப் பையில் கேரள கஞ்சா, சுருட்டி ஒரு தடவை குடிக்கிற அளவு. அக்கா கடைக்கு ஓடி வந்து "தம்பி, என்ன கா செய்யிற இப்ப?" என்று கேட்டாள். நான் கவுண்டரை விட்டு எழும்பாமலே சொன்னேன், ஒப்புக்கொள்ளச் சொல்லு என்று. ஒப்புக்கொண்டான். தண்டம் 12,000 ரூபா, நானே கட்டினேன். பதினொன்றரைக்கு வெளியே வந்துவிட்டான். பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன். பெரிய கெட்டிக்காரத்தனம் செய்த மாதிரி அன்று முழுக்க நடந்தேன்.

2022இல் நாடு எரிபொருள் வரிசையில் நின்றபோது அவன் ருமேனியாவுக்கு ஒரு தொழிற்சாலை வேலைக்கு முயற்சி செய்தான். நேர்முகம் சரி, மருத்துவம் சரி. முகவர் கொடுத்த படிவத்தை நிரப்பியது என் கடையில், என் கையால். பதினேழாவது கேள்வி: எந்த நீதிமன்றத்தாலாவது எப்போதாவது குற்றவாளியாகக் காணப்பட்டிருக்கிறீரா? நான் தட்டச்சு செய்து கொண்டே போய் அந்த இடத்தில் நின்றேன். அவன் என்னைப் பார்த்தான். "மாமா, தண்டம்தானே கட்டின, அது குற்றவாளியா?"

ஓம், அதுதான் குற்றவாளி. நீ வாய்திறந்து ஒப்புக்கொண்டாய், நீதவான் பதிவு செய்தார், தண்டம் அதற்குப் பிறகு வருவது. இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முகவர் கோப்பைத் திருப்பித் தந்துவிட்டார்.

எனவே கேட்டவருக்கு நேற்றுச் சொன்ன பதிலை வாபஸ் வாங்குகிறேன். முழுதாக அல்ல. பாதி.

2024 ஜனவரி 20

நிறையப் பேர் கேட்டதால் எனக்குத் தெரிந்த சட்டத்தை எழுதுகிறேன். எங்கள் நாட்டிலும் வழி இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம், சமுதாயஞ்சார் சீர்திருத்தம். சிறைக்கு அனுப்பாமல், இத்தனை மணித்தியாலம் சம்பளமில்லாத பொது வேலை செய், உத்தியோகத்தரிடம் வந்து ஒப்பமிடு, போதைக்கு ஆலோசனை பெறு என்று நீதிமன்றம் கட்டளையிடலாம். ஆகவே கேட்டவர் சொல்லும் "தீர்ப்புக்குப் பதில் நன்னடத்தை" இங்கே ஏற்கெனவே நடக்கிறது.

2024 ஜனவரி 21

மேலே கடைசி வசனம் பிழை. கடைக்குக் கொப்பி எடுக்க வரும் ஒரு இளம் சட்டத்தரணி தங்கச்சி வாசித்துவிட்டுக் காலையிலேயே சிரித்தாள். "அண்ணன், நீங்க எழுதினது சிறைக்குப் பதில். அவர் கேட்கிறது குற்றத்தீர்ப்புக்குப் பதில். ரெண்டும் வேற."

அவள் விளக்கியதை எனக்கு விளங்கிய மாதிரி எழுதுகிறேன். சமுதாயஞ்சார் கட்டளை என்பது, குற்றவாளி என்று கண்ட பிறகு, மறியலுக்குப் போகாமல் வேலை செய்யச் சொல்வது. மறியல் இல்லை, ஆனால் குற்றவாளி என்ற சொல் ஏட்டில் இருக்கிறது. குற்றத்தீர்ப்பே எழுதாமல் விடுகிற கதவு வேறு இடத்தில் இருக்கிறது: 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, 306ஆம் பிரிவு. குற்றம் நிரூபணமானாலும், ஆளின் நடத்தை, பழைய வரலாறு, வயது, உடல்நலம், மனநிலை, குற்றம் சின்னது, இரங்கத்தக்க காரணம், இவற்றில் ஒன்றைப் பார்த்து, நீதவான் குற்றத்தீர்ப்புக்குப் போகாமல் எச்சரித்து விடலாம், அல்லது மூன்று வருடத்துக்கு மேற்படாத நன்னடத்தைப் பிணையில் விடலாம். பிணையை மீறினால் பழைய கோப்பு மறுபடி திறக்கும்.

"எல்லாருக்கும் தானாகக் கிடைக்காது. கேட்க வேணும், காரணம் காட்ட வேணும். ஒப்புக்கொண்டு ஓடுறவனுக்கு யார் கேட்கிறது?" என்றாள். சொன்னது என்னைப் பார்த்து இல்லை. எனக்குத்தான் பட்டது.

நன்னடத்தை அலுவலகம் என்றால் எங்கள் சனம் நினைப்பது சிறுவர் விடயம். அது மாகாண சபையின் கீழ். பெரியவர்களின் சமுதாய வேலைக் கட்டளையைப் பார்க்கும் திணைக்களம் மத்திய அரசின் கீழ். பெயர்ப் பலகை மாறிப் போய் ஒரு முழுக் காலையையும் தொலைத்தவர்களை அறிவேன்.

2024 ஜனவரி 21, பின்னேரம்

ஒருவர்: "அப்போ இரண்டு கிராம் தூள் (ஹெரோயின்) வைத்திருந்தவனையும் எச்சரித்து விடுவார்களா?" இல்லை ஐயா. ஹெரோயின் சுத்த நிறை இரண்டு கிராமோ கூடவோ இருந்தால் நச்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின் 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மரண தண்டனை அல்லது ஆயுள். ஐஸுக்கு 2022இல் வந்த 41ஆம் இலக்கத் திருத்தம் ஐந்து கிராமில் அதே கோட்டைப் போட்டது. தூக்கு 1976க்குப் பிறகு நடக்கவில்லை, ஆயுள் நடக்கிறது. அந்தச் சட்டத்தின் 54ஏ பிரிவில் போட்டுவிட்டால் நீதவானிடம் பிணையே கேட்க முடியாது, மேலே போக வேண்டும். நான் பேசுவது சரைக்காரனைப் பற்றி, மூட்டைக்காரனைப் பற்றி அல்ல. மூட்டைக்காரன் என் கடைக்கு வருவதே இல்லை. அவனிடம் சொந்தமாகப் போட்டோ கொப்பி மெஷின் இருக்கும்.

2024 ஜனவரி 24

ஐக்கிய நாடுகளின் நிபுணர்கள் விட்ட அறிக்கையைப் பார்த்தேன். டிசம்பர் 17இலிருந்து 29,000க்கு மேல் கைது என்று அதில் இருக்கிறது. பல நூறு பேர் இராணுவம் நடத்தும் கட்டாயப் புனர்வாழ்வு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டார்களாம். பொலிஸின் கையில் வேலை குறையவில்லை என்று தெரிகிறது. இந்த எண்ணிக்கையில் எத்தனை பேர் விற்றவர், எத்தனை பேர் நோயாளி, எத்தனை பேர் என் மருமகன் மாதிரிக் கடற்கரையில் ஓடத் தெரியாதவர் என்று யார் பிரித்தது?

2024 பெப்ரவரி 11

பாதி வாபஸ் என்றேன், மற்றப் பாதியைச் சொல்கிறேன்.

என் மருமகனைச் சிகிச்சைக்கு அனுப்பியிருந்தாலும் அது வீண். அவனுக்கு நோய் இல்லை. வருடத்தில் இரண்டு மூன்று முறை கூட்டாளிகளோடு இழுத்தவன். அவனுக்கு ஒரு கட்டில் கொடுத்தால், உண்மையில் தேவைப்பட்ட ஒருவனின் கட்டில் போகும். அவனுக்குத் தேவைப்பட்டது ஒரு எச்சரிக்கையும், ஏட்டில் அந்தச் சொல் விழாமல் இருப்பதும் மட்டும்தான். முதல் தடவை பிடிபட்டவன் எல்லாம் அடிமைப்பட்டவன் என்று நினைப்பதும் ஒரு பிழை.

இன்னொரு பையன், எங்கள் ஒழுங்கையில். தகப்பன் கடலுக்குப் போகிறவர். 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் எல்லாம் கரையில் கிடந்த மாதங்கள் நினைவிருக்கும். அந்த மாதங்களில் பழகினான். பொலிஸ் சோதித்தபோது சட்டைப் பையில் இருந்தது கஞ்சா. ஆனால் அவனைப் பிடித்திருந்தது ஐஸ். நித்திரை இல்லாமல் இரவு மூன்று மணிக்கு முற்றத்தில் வலை பொத்துவான். கிழியாத வலை. தாய் விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பாள். கன்னம் ஒட்டி, பல் கறுத்து, யாரோ கூரையில் நடக்கிறார்கள் என்று ஓட்டைப் பார்த்துக் கொண்டிருப்பான்.

வழக்கு கஞ்சா வழக்கு. தகப்பன் என்னிடம் வந்தார். நான் வழக்கம்போல வாய் திறக்கப் போனேன். அக்கா வீட்டுக் கதை நினைவு வந்தது. அவரை மேலே சொன்ன தங்கச்சியிடம் அனுப்பினேன். அவள் முதலில் வழக்கைப் பற்றியே கேட்கவில்லை. "ஆஸ்பத்திரியில காட்டினீங்களா?" என்றுதான் கேட்டாள். காட்டவில்லை. மனநலப் பிரிவு என்றால் பைத்தியக்கார வார்ட், ஊர் சிரிக்கும், பையனின் தங்கச்சிக்குக் கலியாணம் நடக்காது. பொலிஸ் வாசலில் நிற்பது வெட்கமில்லை, கிளினிக் வாசலில் நிற்பது வெட்கம். எங்கள் ஊர்க் கணக்கு அப்படி.

போனார்கள். முதல் கிழமை முழுக்க நித்திரை, சாப்பாடு, நித்திரை. குணமாகிவிட்டான் என்று தாய் கோயிலுக்கு அர்ச்சனைக்குக் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் கஷ்டமே வந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டு பேசாமல் கிடப்பது. தூளுக்கு அடிமைப்பட்டவனுக்காவது பதிலாகக் கொடுக்க உலகத்தில் மெதடோன் மாதிரி மருந்து இருக்கிறது. ஐஸுக்கு அப்படி ஒரு மருந்து இல்லை என்று வைத்தியர் சொன்னாராம். பேசுவதும், கூப்பிட்ட திகதிக்கு வருவதும், வீட்டில் ஆள் இருப்பதும்தான் மருந்து. அந்தக் கிளினிக் கொப்பியைத்தான் தங்கச்சி நீதவானுக்குக் காட்டினாள். 2022 செப்டெம்பரில் 306இன் கீழ் விட்டார்கள், மூன்று வருடப் பிணை. கிளினிக் போவதும் நிபந்தனையில் ஒன்று.

இரண்டு பையன்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு கஞ்சா, ஒரே வீதி. நோய் இல்லாதவன் குற்றவாளி, நோய் இருந்தவன் இல்லை. இடையில் இருந்த வித்தியாசம் யாரிடம் புத்தி கேட்டார்கள் என்பதுதான். முதலாமவன் என்னிடம் கேட்டான்.

2024 பெப்ரவரி 12

கட்டுரை மாதிரி நீளமாக எழுதுகிறேனாம். சரி, சின்னக் கதை ஒன்று.

சமுதாய வேலைக் கட்டளையில் ஒருவனைக் கோயில் வளவு துப்புரவாக்க விட்டார்கள். நாலு நாள் புல் வெட்டினான். ஐந்தாம் நாள் ஒரு மாமி கையில் தேசிக்காய்த் தண்ணீரோடு வந்து, "என்ன நேத்திக்கடன் மனே, பரீட்சை பாஸாகவா?" என்று கேட்டிருக்கிறா. அவன் ஓம் என்றானாம். இப்போது அந்த மாமி தன் பேரனையும் புல் வெட்ட அனுப்பப் பார்க்கிறா.

2024 பெப்ரவரி 12, இரவு

சிரித்தவர்களுக்கு: அவன் இப்போதும் மாதம் ஒரு முறை போய்ச் சொந்த விருப்பத்தில் வெட்டுகிறான். இதை எந்தப் பக்கக் கணக்கில் போடுவது?

2024 ஏப்ரல் 27

கந்தக்காட்டுப் போதைப் புனர்வாழ்வு நிலையத்தைப் பற்றிக் கேட்டவருக்குப் பதில் எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். நான் உள்ளே போனதில்லை. மட்டக்களப்பிலிருந்து பொலன்னறுவைக்குப் போகும்போது வெலிக்கந்தையைத் தாண்டுவோமே, அந்தப் பக்கம். போர் முடிந்த காலத்தில் புனர்வாழ்வு என்ற சொல்லை எங்கள் சனம் கேட்டது இயக்கத்தில் இருந்த பிள்ளைகளுக்காக. இப்போது அதே சொல் தூள் குடிக்கிறவனுக்கு. அந்தச் சொல்லைக் கேட்டாலே சில தாய்மாருக்குக் கை நடுங்குகிறது.

2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, போதைக்கு அடிமைப்பட்டவர்களின் சிகிச்சை, புனர்வாழ்வு பற்றியது. அதன்படி அரச வைத்தியரின் அறிக்கையை வைத்து நீதவான் கட்டாய சிகிச்சைக்கு அனுப்பலாம். 2023இல் புனர்வாழ்வுப் பணியகத்துக்கென்று தனிச் சட்டம் வந்தது. முதலில் கொண்டுவந்த வரைவில் வேறு வகை ஆட்களையும் அள்ளிப் போடப் பார்த்தார்கள், உயர் நீதிமன்றம் தடுத்தது. 2022 ஜூனில் கந்தக்காட்டில் ஒருவர் இறந்து, கலகம் மூண்டு, அறுநூறுக்கு மேற்பட்டோர் வேலியைத் தாண்டி ஓடியது செய்தியில் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அறுநூறு நோயாளிகள் ஓடியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

சாய்ந்தமருது உம்மா ஒருவர், மகனைப் பார்க்கப் போவதற்கு அடையாள அட்டைக் கொப்பி எடுக்க வந்தார். கூடையில் முறுக்கு, தொதல், ஒரு சாரம். "அங்க என்ன மருந்து குடுப்பாங்க மகன்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். "காலையில ஓடச் சொல்றாங்களாம். ஓடினா தூள் போகுமா?" கொப்பிக்குக் காசு வாங்கவில்லை. அவர் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மகன் மாதங்கள் கழித்து வந்தான். உடம்பு தேறி, முடி வெட்டி, மாப்பிள்ளை மாதிரி. பதினைந்து நாளில் பழைய இடம். இங்கே ஒரு விடயத்தைத் தாய்மார் தெரிந்து வைத்திருக்க வேண்டும்: விட்டிருந்த காலத்தில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். பழைய நினைவில் பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடும். வெளியே வந்த முதல் கிழமைகள்தான் மிகவும் ஆபத்தானவை. இவனுக்கு அல்லாஹ் துணை, மூச்சு நிற்கவில்லை. அடுத்த மாதம் மறுபடி பிடிபட்டான். இப்போது முதல் தடவை இல்லை.

2024 ஏப்ரல் 28

"அப்போ சிகிச்சையால் பயனில்லை என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்" என்று ஒருவர் துள்ளுகிறார். இல்லை தம்பி. பூட்டி வைப்பதைச் சிகிச்சை என்று சொல்லாதீர்கள் என்றேன். ஒழுங்கைப் பையன் வீட்டிலிருந்து கிளினிக் போகிறான், வழுக்கினாலும் அடுத்த திகதிக்கு வருகிறான். இரண்டு தடவை வழுக்கினான். நான் முன்னர் எழுதவில்லை, கதை அழகாக வரட்டும் என்று விட்டுவிட்டேன். வழுக்கியதை அவனே வைத்தியரிடம் சொன்னான். கந்தக்காட்டிலிருந்து வந்தவனுக்குச் சொல்ல ஆள் இல்லை.

கூப்பிட்டுக் கேட்க விரும்புகிறவர்களுக்கு: மனநல உதவிக்கு 1926. அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபைக்கும் ஒரு எண் இருக்கிறது. என் கவுண்டர்க் கண்ணாடியில் இரண்டையும் ஒட்டியிருக்கிறேன். ஒட்டிய பிறகு கார்ட் ரீலோட் செய்ய வருகிறவர்கள் அதுதான் புதுப் பெக்கேஜா என்று கேட்கிறார்கள்.

2024 ஜூன் 9

வெளிநாட்டு உதாரணம் கேட்டவருக்கு. 1989இல் அமெரிக்காவில் மயாமியில் போதைக்கென்று தனி நீதிமன்றம் தொடங்கினார்கள். நீதிபதியே ஆளை அடிக்கடி கூப்பிட்டுச் சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்ப்பார். இந்தியப் போதைப்பொருள் சட்டத்தில் 39ஆம் பிரிவு இருக்கிறது. சிறிய அளவோடு குற்றவாளியாகக் காணப்பட்ட அடிமைப்பட்டவனை, அவன் சம்மதித்தால், தண்டனை விதிக்காமல் சிகிச்சைக்கு விடலாம். 64ஏயில் தானாகச் சிகிச்சைக்கு வருபவனுக்கு வழக்கிலிருந்தே விலக்கு உண்டு. அங்கே அந்தப் பிரிவுகளை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பது வேறு கதை, எங்கள் 306 கதைதான்.

எனக்குப் பிடித்தது போர்த்துக்கல். 2001இலிருந்து பத்து நாள் பாவனைக்கு உட்பட்ட அளவோடு பிடிபட்டவனை நீதிமன்றத்துக்கே கொண்டு போவதில்லை, ஒரு குழுவின் முன்னால் இருத்துகிறார்கள். அந்தக் குழு முதலில் பார்ப்பது, இவன் அடிமைப்பட்டவனா இல்லையா என்று. இல்லையென்றால் அனேகமாகப் புத்திசொல்லி அனுப்பிவிடுவார்கள். அடிமையென்றால் சிகிச்சைக்கு வழி காட்டுவார்கள். ஒரு மேசை, இரண்டு மூன்று கதிரை. என் மருமகனையும் ஒழுங்கைப் பையனையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்ததும் அவ்வளவுதான்.

அமெரிக்காவின் ஒரேகன் மாநிலம் அதே வழியில் போய் 2024இல் திரும்பியதை ஒருவர் எடுத்துக் காட்டியிருக்கிறார். நியாயம். வழக்கை எடுத்துவிட்டு, சிகிச்சை இடத்தைக் கட்டி முடிக்காமல் விட்டால் சனம் கோபப்படத்தான் செய்யும். எங்கள் பக்கம் கிளினிக்குக்கு வரச் சொன்னால் பஸ் காசு யார் கொடுப்பது என்பதில் தொடங்க வேண்டும். பொத்துவில்காரனுக்கு ஒரு நாள் கூலி போய்விடும்.

2024 டிசம்பர் 8

நவம்பர் வெள்ளத்தில் கடைக்குள் இரண்டடித் தண்ணீர். போட்டோ கொப்பி மெஷின் போய்விட்டது. 26ஆம் திகதி மாவடிப்பள்ளியில் மத்ரஸாப் பிள்ளைகள் வந்த உழவு இயந்திரம் அடிபட்டுப் போனதற்குப் பிறகு எதையும் எழுத மனம் வரவில்லை. இழை செத்துவிட்டதா என்று கேட்டவர்களுக்கு, இல்லை. நனைந்திருக்கிறது.

வெள்ளத்தில் ஒழுங்கைப் பையனும் தகப்பனும் வள்ளத்தை வீதியில் இறக்கிச் சனத்தை ஏற்றினார்கள். இதற்கும் நம் தலைப்புக்கும் சம்பந்தம் இல்லை. எழுத வேண்டும் போல இருந்தது.

2025 மார்ச் 16

ஒரு அக்கா எழுதியதற்குப் பதில். தூள்காரன் ஒருவன் தன் சங்கிலியை அறுத்தான், கழுத்தில் இன்னும் தழும்பு இருக்கிறது, அவனுக்கும் கிளினிக்கா என்று கேட்கிறார். அக்கா, சங்கிலி அறுத்ததற்கு வழக்குப் போட வேண்டும், போடட்டும். குடித்ததற்கு வேறு, அறுத்ததற்கு வேறு. ஆனால் இதைச் சொல்வது எனக்கு லேசு, என் கழுத்தில் தழும்பு இல்லை. நான் இந்த இழையில் தாய்மாரையும் பையன்களையும் பற்றியே எழுதிக்கொண்டு போயிருக்கிறேன், பறிகொடுத்தவர்களைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அந்தக் குறை இருக்கட்டும், அழிக்கவில்லை.

முதலில் கேட்டவர் "ஒரு தடவை இலவசமா" என்று எழுதியிருந்தார். மூன்று வருடம் கிளினிக் திகதியைத் தவறவிடாமல், ஊரை விட்டுப் போகத் தயங்கி, பொலிஸ் ஜீப்பைக் கண்டால் வயிறு கலங்கி இருப்பது இலவசம் என்றால், 12,000 ரூபாயும் ஒரு பிளேன்டீயும்தான் எங்களிடம் இருந்த மலிவான சாமான்.

2025 மார்ச் 17

மருமகன் இதை வாசித்துவிட்டான். "மாமா, பேர் போடாட்டியும் ஊருக்கே தெரியும்" என்றான். அழிக்கவா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பிளேன்டீ இல்ல, பால்தேத்தண்ணி. சரியா எழுதுங்க" என்றான். திருத்தம்: பால்தேத்தண்ணி.

2025 ஒக்டோபர் 5

ஒழுங்கைப் பையனின் பிணைக் காலம் போன மாதம் முடிந்தது. நேற்றுக் கடைக்கு வந்தான். சவூதியில் ஏதோ குளிர்சாதன வேலைக்குப் போகப் பார்க்கிறானாம், முகவர் படிவம் கையில். வேறு முகவர், ஆனால் அதே கேள்வி, இதில் பன்னிரண்டாவது. இந்தத் தடவை நான் வாய் திறக்கவில்லை. தங்கச்சிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் விட்டேன். நீதிமன்றத்தில் எடுத்த சான்றுப்படுத்திய பிரதியை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். குற்றத்தீர்ப்புக்குப் போகாமல் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள். "இல்லை என்று எழுதுங்க அண்ணன். கேட்டா இந்தப் பிரதியைக் காட்டட்டும், ஒளிக்க வேண்டாம்." முகவர் என்ன சொல்வார் என்று இன்னும் தெரியாது. நான் பேனையை அவனிடம் கொடுத்தேன். "இல்லை" என்பதை அவனே எழுதினான், கட்டத்துக்கு வெளியே போகிற அளவுக்குப் பெரிதாக.

பிறகு அந்தப் பிரதியை லமினேட் பண்ணித் தரச் சொன்னான். வேண்டாம் என்றேன், லமினேட் பண்ணினால் முத்திரை பிடிக்க முடியாது, பல இடங்களில் எடுக்க மாட்டார்கள். ஐந்து கொப்பி அடித்து, மூலத்தை பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக் கொடுத்தேன். உறைக்கு முப்பது ரூபா.